பக்கத்துப் பொந்துக்குச் சொன்ன கடவுச்சொல்

இந்தக் கதையில் ஓர் இடம் வரும். அங்கே நீங்கள் வயிறு குலுங்கச் சிரிக்கலாம். ஆனால் இப்போதே ஆரம்பித்துவிடாதீர்கள். அதற்கு முன்னால் ஒரு தாய்ப்பறவை பட்டினி கிடக்க வேண்டியிருக்கிறது. அவள் பட்டினி கிடக்கும்போது நாம் சிரித்தால் நன்றாக இருக்காது. கொஞ்சம் பொறுங்கள்.

மேற்கு மலையில் ஒரு சோலைக்காடு. அதில் வானத்தை முட்டுகிற மாதிரி ஒரு நாங்கு மரம். அந்த மரத்தில் மஞ்சணத்தி என்ற பெண் இருவாச்சிப் பறவையும், அவளுடைய கணவர் கொம்பராயரும் குடித்தனம் நடத்தினார்கள்.

இருவாச்சிக்கு அலகு பெரியது. அந்த அலகின் மேல் கொம்பு மாதிரி இன்னொன்றும் இருக்கும். அது எதற்கு என்று காட்டில் யாருக்கும் தெரியாது. கொம்பராயரைக் கேட்டால் மட்டும் உடனே பதில் வரும்.

"அழகுக்கு!"

இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சேறும் பழச்சக்கையும் எச்சமும் குழைத்து, வாசலை உள்ளேயிருந்தே பூசி அடைத்துவிடும். அலகு நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு மட்டும் விட்டுவைக்கும். உள்ளே இருக்கும் காலத்தில் அதன் இறகுகள் உதிர்ந்துவிடும். பறக்க முடியாது. ஆண் பறவைதான் அந்த இடுக்கு வழியாகப் பழம் ஊட்ட வேண்டும். ஆண் பறவை வராவிட்டால் தாயும் குஞ்சும் பட்டினி. பசி பொறுக்காமல் சுவரை உடைத்தாலோ, பறக்க முடியாத தாயும் பறக்கத் தெரியாத குஞ்சும் ஊர் பார்க்க உட்கார்ந்திருக்கும். முதலில் வருகிற மரநாய்க்கு விருந்து.

மற்ற இருவாச்சிகள் எல்லாம் இந்தச் சுவரையும் இந்த இடுக்கையும் நம்பியே பிள்ளை வளர்த்தன. கொம்பராயருக்கு அது போதவில்லை. காரணம், அவர் ஒரு பாடம் கேட்டிருந்தார்.

மலையடிவாரத்தில் வனக்காவலர்கள் தங்கும் முகாம் ஒன்று இருந்தது. ஒருநாள் கொம்பராயர் அதன் கூரையில் இளைப்பாறிக்கொண்டிருந்தார். உள்ளே யாரோ ஒருவர் காவலர்களுக்குக் கைபேசிச் செயலி ஒன்றைக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். யானைகளைக் கணக்கெடுக்கிற செயலி.

"உள்ளே நுழையிறவங்க கடவுச்சொல் கொடுக்கணும்! கொடுத்தாத்தான் திறக்கும்!" என்றார் அவர்.

கொம்பராயருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பாடம் அதற்குப் பிறகும் நடந்தது. ஆனால் அவருக்குப் பசி வந்துவிட்டது. எழுந்து பறந்துவிட்டார்.

"மஞ்சு! மஞ்சு! நம்ம வீட்டுக்கும் ஒரு கடவுச்சொல் வேணும்!"

மஞ்சணத்தி அப்போது பொந்துக்குள் உட்கார்ந்து வாசலைப் பூசிக்கொண்டிருந்தாள். அலகு நிறையச் சேறு.

"ம்?"

"நான் பழம் கொண்டு வருவேன். நீ உள்ளேயிருந்து 'யாரது? கடவுச்சொல்?'னு கேட்கணும். நான் சொல்வேன். சரியா இருந்தா அலகை நீட்டு. தப்பா இருந்தா நீட்டாதே!"

"ம்."

"அதே சொல்லைச் சொல்லி 'சுவரை உடை'ன்னு நான் சொன்னா, உடனே உடைக்கணும். காட்டுத்தீ கீட்டுத்தீ வந்தா உதவும்."

மஞ்சணத்தி சேற்றைத் துப்பினாள். "சோறு போடுறதுக்கும் சுவரை உடைக்கிறதுக்கும் ஒரே சொல்லா?"

"ரெண்டு வெச்சா எனக்கு மறந்துடும்."

"சரி, என்ன சொல்லு?"

கொம்பராயர் நெஞ்சை நிமிர்த்தினார். கழுத்தை நீட்டினார். "கொம்பராயரின் கொம்பே கொம்பு!"

"இதையா? இதைத்தான் நீங்க தினமும் எழுந்ததும் மரத்து உச்சியில நின்னு கத்துறீங்களே!"

"அதனாலதான் மறக்காது!"

மஞ்சணத்தி ஒரு பெருமூச்சு விட்டாள். கொம்பராயர் அடுத்த ஏற்பாட்டுக்குப் போய்விட்டார்.

"இன்னொண்ணு. நம்ம வீடு எங்கேன்னு திருட்டுப் பயலுகளுக்குத் தெரியக் கூடாது. அதனால நான் பொந்தைப் பார்க்கவே மாட்டேன். காட்டை ஒரு சுத்து சுத்திட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு, பின்பக்கமா வந்து உட்காருவேன். பார்க்கிறவன் என்ன நினைப்பான்? 'ஐயா காத்து வாங்க வந்திருக்கார்'னு நினைப்பான்!"

"பொந்தைப் பார்க்காம பழத்தை எங்கேங்க வைப்பீங்க? என் தலையிலா?"

"உன் குரல் வர்ற இடத்துல."

"என் குரல் மாதிரியே வேற யாராவது பேசினா?"

"பேசிட்டுப் போகட்டும்! கடவுச்சொல் அவங்களுக்குத் தெரியாதே! சொல்லப் போறது நான்தானே?"

இதில் எங்கேயோ இடிக்கிறது என்று மஞ்சணத்திக்குப் பட்டது. எங்கே என்று யோசிப்பதற்குள் சேறு காயத் தொடங்கியது. மறுபடியும் அலகு நிறையச் சேற்றை அள்ளிக்கொண்டாள்.

"ம்" என்றாள்.

சுவர் எழும்பியது. வெளிச்சம் ஒரு கோடாகச் சுருங்கியது. மஞ்சணத்தி முட்டையிட்டாள். அடைகாத்தாள். இறகுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. ஒரு காலைப் பொழுதில் முட்டை உடைந்து, ரோஜா நிறத்தில், ஒரு மயிரும் இல்லாமல், பெரிய வாயோடு ஒரு குஞ்சு வந்தது.

"கீ!" என்றது அது. பசி என்று அர்த்தம்.

சிறகடிக்கும் ஓசை புகை வண்டிபோல் வந்தது. புஸ், புஸ், புஸ்! கொம்பராயர் கிளையில் பின்பக்கமாக வந்து உட்கார்ந்தார். முகம் எதிர்மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மஞ்சு, வந்துட்டேன்!"

"யாரது? கடவுச்சொல்?"

"கொம்பராயரின் கொம்பே கொம்பு!"

மலை எதிரொலித்தது. கீழே மேய்ந்துகொண்டிருந்த மான்கள் நிமிர்ந்து பார்த்தன. மஞ்சணத்தி அலகை நீட்டினாள். அலகோடு அலகு 'டக்' என்று மோதியது. தொண்டைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக அத்திப்பழங்களை எடுத்து ஊட்டினார் கொம்பராயர்.

"நேத்துக் கொண்டுவந்ததுல பாதி சொத்தைங்க" என்றாள் மஞ்சணத்தி. "எனக்கே வயித்தை வலிக்குது, பிள்ளை தாங்குமா? நல்லா பழுத்ததாப் பார்த்துக் கொண்டுவாங்க. இவ்வளவு பெரிய அலகு இருக்கு, அழுத்திப் பார்த்து எடுக்கத் தெரியாதா?"

"சரி, சரி" என்று முனகிக்கொண்டே பறந்தார் கொம்பராயர்.

அதே மரத்தின் மறுபக்கத்தில் இன்னொரு பொந்து இருந்தது. மஞ்சணத்தி உள்ளே போகும்போது அது காலியாக இருந்தது. பிறகு யாரோ குடிவந்தார்கள். இரவெல்லாம் சரசரப்பு, பகலெல்லாம் குறட்டை. மரத்தைத் துளைத்துக்கொண்டு அவளுக்குக் கேட்கும்.

வந்தவன் பகடி என்கிற மரநாய். இளவட்டம். எந்தக் குரலைக் கேட்டாலும் அதே குரலில் திருப்பிப் பேசுவான். குரங்குபோல் கத்தி மான்களை ஓடவிடுவான். மான்போல் கத்திக் குரங்குகளை ஓடவிடுவான். புலிபோல் உறுமி எல்லாரையும் ஓடவிட்டு, பொந்துக்குள் கிடந்து உருண்டு உருண்டு சிரிப்பான். அந்தச் சிரிப்பையும் மஞ்சணத்தி கேட்டிருக்கிறாள். "யாரோ வாலுப் பையன்" என்று விட்டுவிட்டாள்.

ஒரு நாள் மத்தியானம். புஸ், புஸ், புஸ். கொம்பராயர் வருகிற ஓசை. குஞ்சு வாயைப் பிளந்தது. மஞ்சணத்தி கேட்பதற்கு வாயெடுத்தாள்.

"யாரது? கடவுச்சொல்?"

கேட்டது அவள் இல்லை. ஆனால் அவள் குரல்! மரத்தின் மறுபக்கத்திலிருந்து!

"கொம்பராயரின் கொம்பே கொம்பு!" என்றார் கொம்பராயர், அந்தப் பக்கத்திலிருந்தே.

"ஆஹா! வாங்க, வாங்க! உங்க கொம்பு இன்னிக்கு என்னமா மின்னுது!" என்றது மஞ்சணத்தியின் குரல்.

மஞ்சணத்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏங்க! அங்கே இல்லைங்க! நான் இங்கே இருக்கேன்!"

கிளையில் கால்கள் நகரும் ஓசை கேட்டது. "மஞ்சு... இன்னொரு குரல் கேட்குதே!"

"ஆமாங்க!" என்றது மறுபக்கக் குரல், பயந்த மாதிரி. "காலையிலிருந்து இதே தொல்லை. யாரோ என்னை மாதிரியே பேசிப் பழத்தைப் பிடுங்கப் பார்க்கிறாங்க. நீங்க ஏமாந்துடாதீங்க. நீங்களா? நீங்க எங்கே ஏமாறப் போறீங்க! நீங்க எவ்வளவு பெரிய அறிவாளி!"

"ஐயோ, அதுதாங்க போலி!" என்று கத்தினாள் மஞ்சணத்தி. "நான் என்னிக்காவது உங்களை அறிவாளின்னு சொல்லியிருக்கேனா?"

"அதுதானே எனக்குக் குறை!" என்றார் கொம்பராயர். "என் மஞ்சு இன்னிக்குத்தான் மனசு விட்டுப் பேசுறா. உனக்கு ஏன் பொறாமை?"

"கொஞ்சம் திரும்பிப் பாருங்களேன்!"

"பார்த்தியா! திரும்பிப் பார்க்க வைக்கிறதுதான் இவங்க திட்டம்! பார்க்கக் கூடாதுங்கிறது விதி!"

"விதியை விட்டுடாதீங்க!" என்றது மறுபக்கக் குரல், வாய் நிறையப் பழத்தோடு.

புஸ், புஸ், புஸ். அவர் போய்விட்டார். மறுபக்கப் பொந்தில் சப்புக் கொட்டும் ஓசை கேட்டது. பிறகு உருண்டு உருண்டு சிரிக்கும் ஓசை.

"கீ!" என்றது குஞ்சு.

அன்று மாலையும் அப்படியே நடந்தது. மறுநாளும் அப்படியே. கொம்பராயர் முன்னைவிட அதிகமாகவே கொண்டுவந்தார். நன்றாகப் பழுத்ததாக, அழுத்திப் பார்த்து, பொறுக்கிக் கொண்டுவந்தார். எல்லாம் மறுபக்கம் போயிற்று.

மஞ்சணத்தி இடுக்கில் விழுந்த வண்டுகளைக் குஞ்சுக்கு ஊட்டினாள். மரப்பட்டையின் உட்புறத்தைச் சுரண்டி ஒன்றிரண்டு புழுக்கள் எடுத்தாள். அவள் எதுவும் தின்னவில்லை. குஞ்சின் 'கீ' மெலிந்துகொண்டே வந்தது.

"நான்தான் மஞ்சணத்தி என்று அவருக்கு எப்படிக் காட்டுவது?" என்று யோசித்தாள். சட்டென்று ஒன்று தோன்றியது. கடவுச்சொல் அவளுக்கும் தெரியுமே!

அடுத்த முறை கொம்பராயர் வந்ததும் முழுக்குரலில் கூவினாள். "கொம்பராயரின் கொம்பே கொம்பு! கேட்டுதாங்க? நான் சொல்லிட்டேன்! நான்தான் உங்க மஞ்சு!"

கிளை ஆடியது. கொம்பராயர் துள்ளிவிட்டார்.

"அடக் கடவுளே! ரகசியம் வெளியே போயிடுச்சு!"

"வெளியே போகலைங்க! எனக்கு முதல்லேருந்தே தெரியும்!"

"முதல்லேருந்தேயா! எவ்வளவு நாளா ஒட்டுக் கேட்கிறே!" கொம்பராயர் மறுபக்கம் நகர்ந்தார். "மஞ்சு, பயப்படாதே. எல்லாத்துக்கும் வழி இருக்கு. கடவுச்சொல்லை உடனே மாத்திடுவோம். காதைக் கொடு. உனக்கு மட்டும்தான் சொல்றேன்."

கொம்பராயரின் கிசுகிசுப்பு ஆற்றுக்கு அக்கரையில் கேட்கும். மஞ்சணத்திக்குக் கேட்காதா?

"கொம்பராயரின் கொம்பே கொம்பு... ஒன்று! பழைய மாதிரியே சோறு போடவும் இதுதான், தீ வந்தா சுவரை உடைக்கவும் இதுதான்!"

"அடடா! ஒன்று!" என்றது மறுபக்கக் குரல். "இதை யார் கண்டுபிடிக்க முடியும்!"

"யாராலும் முடியாது!" என்றார் கொம்பராயர்.

மஞ்சணத்தி கண்ணை மூடிக்கொண்டாள். குஞ்சை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அதன் உடம்பு முன்னைப்போல் சூடாக இல்லை.

விளையாட்டாக ஆரம்பித்தான் பகடி. முதல் நாள் சிரிப்புக்கு. இரண்டாம் நாள் பழத்துக்கு. அதற்குப் பிறகு, பழம் தின்று தின்று அவனுக்கு அலுத்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் மெத்தென்று ஒரு குஞ்சு இருப்பதை அவன் மோப்பம் பிடித்துவிட்டான். பறக்க முடியாத ஒரு தாயும் கூடவே! நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவரைத் திறக்கும் சொல் அவனிடம் இருந்தது. திருடவில்லை, பிடுங்கவில்லை. வீட்டுக்காரரே வந்து கையில் கொடுத்துவிட்டுப் போன சொல்.

ஒரு பிற்பகலில் மஞ்சணத்தியின் சுவருக்கு வெளியே ஒரு குரல் அலறியது.

"மஞ்சு! தீ! காட்டுத்தீ! சுவரை உடை! சீக்கிரம்!"

கொம்பராயரின் குரல்! மஞ்சணத்தி பதறி எழுந்தாள்.

"கடவுச்சொல்!" என்றாள், பழக்கத்தில்.

"கொம்பராயரின் கொம்பே கொம்பு ஒன்று!"

சொல் சரி. குரல் சரி. அவள் அலகை ஓங்கிச் சுவரைக் கொத்தினாள். டொக்! இடுக்கின் ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்து வெளியே விழுந்தது. வெளிச்சம் கொஞ்சம் கூடுதலாக உள்ளே வந்து குஞ்சின் மேல் விழுந்தது. இத்தனை நாள் இருட்டில் பார்த்த குஞ்சை இப்போதுதான் வெளிச்சத்தில் பார்த்தாள். எலும்பு தெரிந்தது. தலையைத் தூக்க முடியாமல் தூக்கி, அவளைப் பார்த்தது.

மஞ்சணத்தியின் அலகு பாதியில் நின்றது.

சொல் சரிதான். ஆனால் அந்தச் சொல் யாரிடம் எல்லாம் இருக்கிறது? அவரிடம் இருக்கிறது. தன்னிடம் இருக்கிறது. மறுபக்கத்துப் பொந்திலும் இருக்கிறது! அங்கே அவர் சொன்னதைத்தான் தன் காதாலேயே கேட்டாளே! அப்படியானால் அந்தச் சொல்லைச் சொல்கிறவர் அவராகத்தான் இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்?

"உடைக்கிறியா இல்லையா? நெருப்பு வாலைத் தொடுது!" என்றது குரல்.

"உடைக்கிறேங்க" என்றாள் மஞ்சணத்தி. "சுவர் நல்லா இறுகிப் போச்சு. என்னால தனியா முடியல. உள்ளேயிருந்து நான் கொத்துறேன், வெளியேயிருந்து நீங்களும் கொத்துங்க."

வெளியே "சர்ர்... சர்ர்..." என்று ஓசை கேட்டது.

"கொத்தச் சொன்னா ஏன் பிராண்டுறீங்க?"

"அது... எனக்கு வாய் சரியில்லை."

"வாய்க்கு என்ன?"

"பல்வலி!"

மஞ்சணத்தி அலகை மூடிக்கொண்டாள். இருவாச்சிக்குப் பல்லா!

"அடப் பாவமே!" என்றாள், குரலில் ஒன்றும் காட்டாமல். "அப்ப நீங்க சிரமப்படாதீங்க. நானே உடைச்சுடுறேன். சுவர் எவ்வளவு தூரம் பெயர்ந்திருக்குன்னு மட்டும் இடுக்கு வழியாப் பார்த்துச் சொல்லுங்க."

பகடிக்கு நாக்கில் எச்சில் ஊறியது. குஞ்சின் வாசம் வேறு மூக்கைத் துளைத்தது. யோசிக்காமல் முகத்தைக் கொண்டுவந்து இடுக்கில் வைத்தான். ஈரமான கறுப்பு மூக்கு. இரண்டு பக்கமும் விறைத்து நிற்கும் மீசை.

மஞ்சணத்தி இத்தனை நாள் பசியையும் அலகுக்குக் கொண்டுவந்து ஒரு கவ்வு கவ்வினாள்.

"ஐயையோ! மூக்கு! மூக்கு! விடுங்க அக்கா!"

அதுதான் பகடியின் சொந்தக் குரல். அந்தக் காட்டில் யாரும் அதுவரை கேட்டதே இல்லை.

உதறித் திமிறி விடுவித்துக்கொண்டு ஓடினான். மஞ்சணத்தி அவசர அவசரமாக எச்சத்தையும் பட்டைத்தூளையும் குழைத்து, பெயர்ந்த இடத்தைப் பூசினாள். சுவர் பிழைத்தது. ஆனால் சுவர் சோறு போடாது. குஞ்சு இப்போது 'கீ' என்றுகூடச் சொல்லவில்லை. வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது. இன்று மாலைப் பழம் இந்தப் பக்கம் வராவிட்டால் இனி வந்தும் பயனில்லை.

புஸ், புஸ், புஸ். கொம்பராயர் வந்தார். மறுபக்கக் கிளையில் பின்பக்கமாக உட்கார்ந்தார்.

"யாரது? கடவுச்சொல்?" மறுபக்கக் குரல் மஞ்சணத்தியுடையதுதான். ஆனால் மூக்கடைத்திருந்தது.

"கொம்பராயரின் கொம்பே கொம்பு ஒன்று! ஏன் மஞ்சு, குரல் என்னமோ போல இருக்கு?"

"சளி பிடிச்சிருக்குங்க!"

மஞ்சணத்தி இம்முறை கத்தவில்லை. "நான்தான் மஞ்சு" என்று சொல்லவும் இல்லை. அதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஐயா, பெரியவரே!" என்று கூப்பிட்டாள், யாரோ எவரோ போல.

கொம்பராயர் விறைத்தார். "என்ன?"

"நான் யாருன்னு நீங்க நம்ப வேண்டாம். பழமும் கொடுக்க வேண்டாம். அங்கே இருக்கிறவங்களை ஒரே ஒரு கேள்வி கேளுங்க, போதும்."

"நான் கேட்கிறதா? கேட்கிறது உள்ளே இருக்கிறவங்க வேலை. பதில் சொல்றது என் வேலை. அதுதான் முறை!"

"வந்தவர் கேட்கக் கூடாதுன்னு முறையில எங்கேயாவது இருக்கா?"

கொம்பராயர் யோசித்தார். அவர் கேட்டுவந்த பாதிப் பாடத்தில் அப்படி ஒன்றும் இல்லை. "இல்லை... என்ன கேட்கணும்?"

"பெரிய கேள்வி இல்லை. அலகோட அலகு 'டக்'குனு ஒரு தட்டு தட்டச் சொல்லுங்க."

"வேண்டாங்க!" என்றது மறுபக்கக் குரல் சட்டென்று. "இத்தனை நாள் கேட்டீங்களா? இன்னிக்கு என்ன புதுசா? கடவுச்சொல் சொல்லியாச்சு, பழத்தைக் கொடுங்க, போய்க்கிட்டே இருங்க!"

"அதுவும் சரிதான்" என்றார் கொம்பராயர். "இத்தனை நாள் கேட்கலையே, இப்ப எதுக்கு?"

"ஏன்யா, சொந்தப் பெண்டாட்டியோட அலகைத் தட்டக் காரணம் வேணுமா?" என்றாள் மஞ்சணத்தி.

கொம்பராயருக்கு வெட்கம் வந்துவிட்டது. அப்படிப் பார்த்தால் ரொம்ப நாளாகிறதே!

"மஞ்சு, அவங்க கிடக்கிறாங்க. சும்மா ஆசைக்கு ஒரு தட்டு" என்று சொல்லி, முகத்தை எதிர்மலைப் பக்கமே வைத்துக்கொண்டு, அலகைப் பக்கவாட்டில் நீட்டினார்.

பகடிக்கு வேறு வழியில்லை. மூக்கைக் கொண்டுவந்து மெதுவாக முட்டினான்.

பொத்.

'டக்' வரவில்லை. மெத்தென்று ஏதோ பட்டது. பக்கத்தில் ஏதோ குறுகுறுத்தது.

கொம்பராயர் அலகைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். தொண்டையைக் கனைத்தார்.

"மஞ்சு... தப்பா எடுத்துக்காதே. நாலஞ்சு நாளாவே கேட்கணும்னு இருந்தேன். ஊட்டும்போதெல்லாம் ஏதோ குத்துது. பிள்ளையோட முடியா இருக்கும்னு நினைச்சேன்."

"பிள்ளையோட முடிதாங்க!" என்றது மறுபக்கக் குரல்.

"பிள்ளைக்கு இன்னும் முடியே முளைக்கலை" என்றாள் மஞ்சணத்தி இந்தப் பக்கமிருந்து. "அது மீசை."

"மீசையா?"

"ஆமா. உங்க பெண்டாட்டிக்கு மீசை உண்டா?"

"சேச்சே!"

"உங்க இனத்துல யாருக்காவது உண்டா?"

கொம்பராயர் மனதுக்குள் குடும்பத்தை வரிசையாக நிறுத்திப் பார்த்தார். "எங்க அப்பாவுக்கு இல்லை. பெரியப்பாவுக்கு இல்லை. தம்பிக்கு இல்லை. என் மாமியாருக்கு..." கொஞ்சம் நின்று யோசித்தார். "...அவங்களுக்கும் இல்லை!"

அப்படியே நின்றார். பிறகு, அந்த வருஷம் முதல் தடவையாக, தன் விதியை மீறினார். கழுத்து திரும்பியது. கொம்பு திரும்பியது. கண் திரும்பியது.

பொந்து நிறைய ஒரு மரநாய் உட்கார்ந்திருந்தது. பழம் தின்று ஊதிய வயிறு. வீங்கிச் சிவந்த மூக்கு. மீசையெல்லாம் அத்திப்பழச் சாறு. அவர் திரும்பியதைக்கூடக் கவனிக்காமல், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, வாயை ஆவென்று பிளந்து, தேன் ஒழுகும் மஞ்சணத்தியின் குரலில் அது கேட்டது:

"யாரது? கடவுச்சொல்?"

கொம்பராயர் பழக்கத்தில் வாயைத் திறந்தார்.

"கொம்பராயரின் கொம்..."

மூடிக்கொண்டார்.

மரத்தைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து, தொண்டை நிறையப் பழத்தோடு, சுவரின் இடுக்கில் அலகை வைத்து, மிகவும் சின்னக் குரலில், "நீ யாரு?" என்று அவர் கேட்டார்; உள்ளேயிருந்து பதிலாக 'டக்' என்று வந்தது.

கதவைத் தட்டுகிறவர் யார் என்று உள்ளே இருப்பவர் கேட்பது பாதிக் காவல்தான். ரகசியத்தைச் சொல்வதற்கு முன்னால், அதைக் கேட்பவர் யார் என்று நாமும் கேட்டுத் தெரிந்துகொண்டால்தான் அது முழுக் காவல்.